மூடியோடு ஒரு போத்தல்

1

இந்த வருடப் பொங்கல் விழாவில் தருமலிங்கம் அண்ணை பேசிய பேச்சு உங்கள் கைகளுக்கும் வந்து சேரக்கூடும். பிராங்பேர்ட்டில் எங்கள் மன்றத்தின் தலைவர் அவர். விழாப் படங்களோடு தன்னுடைய பேச்சையும் அழகாக எழுதி ஊர்ப் பத்திரிகைகளுக்கு அனுப்பிவைப்பது அவருடைய வழக்கம். "கடல் தாண்டி வந்த நாள்முதல் எங்களுக்குள் உயர்வு தாழ்வு இல்லை. நாங்கள் எல்லோரும் ஒரே இலையில் சாப்பிடுகிறவர்கள்" என்று மேடையில் சொன்னார். மண்டபம் கைதட்டியது.

எனக்கு இரண்டு கதிரை தள்ளி இருந்த அவருடைய மனைவி ராணி அக்கா கைதட்டவில்லை. என் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு மடியிலிருந்த கைப்பையைத் திறந்து எதையோ தேடினார். என் மனைவி வதனி கடதாசித் தட்டில் இருந்த பொங்கலைக் கரண்டியால் வழித்துக்கொண்டு, "ஒரே இலையாம்" என்றாள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பேச்சு அச்சானால் அதற்குப் பக்கத்திலேயே இதையும் போடும்படி ஆசிரியரைக் கேட்டிருக்கிறேன். பெயர்களை மாற்றிவிட்டேன். மாற்றினாலும் அவருக்கு விளங்கும். விளங்கவேண்டும் என்றுதான் எழுதுகிறேன். பெருந்தன்மையைத் தேடி வாசிக்கிறவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம், இங்கே அது இல்லை.

2

முதலில் அவருக்குச் சேரவேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். தருமலிங்கம் அண்ணை கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திராது.

விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் பகுதியில் அவருக்கு வேலை. ஊரில் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவர் என்பதால் அரசாங்கக் கடதாசியின் மொழி எந்த நாட்டிலும் அவருக்கு விளங்கும். ஓய்வு நாட்களில் எங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போவார். விண்ணப்பம் நிரப்புவதா, ஜேர்மன்காரர் 'டெர்மீன்' என்று உயிரை வாங்கும் அந்த நேரக்குறிப்பை எடுப்பதா, அதிகாரியோடு கதைப்பதா, எல்லாவற்றுக்கும் அவர்தான். கைம்மாறு கேட்டதே இல்லை.

வதனியை இங்கே கூப்பிட நான் அலைந்தபோதும் அவர்தான் கூட வந்தார். எங்கள் கல்யாணம் திருச்சியில் நடந்தது. தாலி கட்டுகிற படத்தில் நான் குனிந்திருந்தேன், முகம் சரியாக விழவில்லை. இது நீதானா என்று அதிகாரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அண்ணை முன்னுக்கு வந்து, எங்கள் நாட்டில் மாப்பிள்ளை தாலி கட்டும்போது கமராவைப் பார்த்துச் சிரித்தால் அந்தக் கல்யாணத்தைத்தான் சந்தேகிக்கவேண்டும் என்று திருத்தமான ஜேர்மனில் சொன்னார். அதிகாரி சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பில் வதனிக்கு விசா வந்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

குளிர்காலத்து விடியலில் அந்த வரிசையில் நிற்கும்போது ஸ்டேசனடி வெதுப்பகத்தில் பணிஸ் வாங்கிக்கொண்டு வருவேன். அவரும் நானும் ஒரே கடதாசிப் பைக்குள் கைவிட்டு எடுத்துச் சாப்பிடுவோம். இதை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

அப்படி நிற்கும்போதெல்லாம் அவர் கேட்பார்.

"தம்பி ஊரில எவடம்?"

"வடமராட்சி, அண்ணை."

"வடமராட்சி பெரிசெல்லோ."

"கடற்கரைப் பக்கம்."

அதற்குள் வரிசை நகர்ந்துவிடும், அல்லது நான் நகர்த்திவிடுவேன்.

இந்தக் கேள்வி பூமிசாத்திரக் கேள்வி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். எந்தக் கோயிலடி, கோயிலுக்குக் கிழக்கா மேற்கா, எந்த ஒழுங்கை, எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறது என்று கேட்டுக்கொண்டே போய், உங்களை எந்த இடத்தில் இருத்துவது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அகதி விசாரணையில் ஜேர்மன் அதிகாரிகள் என்னை அரைநாள் இருத்திவைத்துக் கேட்டும் நான் யாரென்று அவர்களுக்குச் சரியாக விளங்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு நாலு கேள்வி போதும்.

3

வதனி வந்து ஒரு மாதத்தில் அண்ணை குடும்பத்தை ஒரு ஞாயிறு மத்தியானம் சாப்பிட அழைத்தேன். அவளுடைய வீட்டுக்கு வரும் முதல் விருந்தினர். ஊரிலிருந்து கறித்தூள் கொண்டுவர விமான நிலையத்தில் விடவில்லை என்று, மிளகாயும் மல்லியும் வாங்கி இங்கேயே வறுத்தாள். கீழ்வீட்டு ஜேர்மன் கிழவி மேலே ஓடிவந்து, நெருப்புப் பிடித்துவிட்டதா என்று கேட்டாள். வதனி கோப்பி அரைக்கிற மெஷினில் தூளை அரைத்து ஒரு போத்தலில் நிரப்பி, அந்தக் கிழவிக்கும் கொஞ்சம் கொடுத்தனுப்பினாள். நண்டுக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய் கிடைக்காததால் அதற்குப் பதில் எதையோ போட்டு ஒரு குழம்பு. விடியத் தொடங்கியவள், அவர்கள் மணி அடிக்கும்வரை ஓரிடத்தில் இருக்கவில்லை.

அண்ணை, ராணி அக்கா, பதினைந்து வயது மகள் சுகி, மூன்றுபேரும் வந்தார்கள். அண்ணை கைகழுவும் இடம் எங்கே என்று கேட்டுக் கழுவிவிட்டும் வந்தார். வாசம் நல்லாயிருக்கு என்றார். வதனி சோற்றுக் கோப்பைகளை வைத்தாள்.

ராணி அக்கா ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல்தான் கேட்டார். "பிள்ளை ஊரில எவடம்?"

வதனிக்கு என்னைப்போல வழுக்கத் தெரியாது. ஒளிக்க ஏதாவது இருக்கிறது என்பதே அவளுக்குத் தோன்றவில்லை. ஜேர்மனி அல்லவா. கோயில் பெயரைச் சொன்னாள், தேர்முட்டிக்குப் பின்னால் போகிற ஒழுங்கையைச் சொன்னாள், அந்த ஒழுங்கையின் கடைசி வளவு என்றாள். தன் மாமனாரின், அதாவது என் ஐயாவின், வீடும் அதே ஒழுங்கைதான் என்றாள். கையில் சோற்றுக் கரண்டி.

அண்ணை கொஞ்ச நேரம் யன்னலைப் பார்த்தார். பிறகு வயிற்றைத் தடவினார்.

"தங்கச்சி, குறை நினையாதையும். காலமை தொடக்கம் வயிறு ஒரு மாதிரி. சாப்பிட ஏலாது."

"கொஞ்சமாவது, அண்ணை."

"இல்லை, இல்லை. கோலா இருந்தாத் தாரும். போத்தலோட தாரும், நான் உடைச்சுக் குடிக்கிறன்."

சுகி மட்டும் கோப்பையை முன்னுக்கு இழுத்தாள். அவளுடைய முழங்கையைத் தாய் மேசைக்குக் கீழே பிடித்ததை நான் பார்த்தேன். மூன்றுபேருக்கும் மூன்று கோலாப் போத்தல். ஒவ்வொன்றின் மூடியும் அவர்கள் கண்முன்னே திறந்தது.

எங்கள் வீட்டைத் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். ஊரில் எங்கள் வீட்டில் கதிரை இல்லாத காலத்திலும் ஓப்பனர் இருந்தது. வாசல் நிலையில் ஓர் ஆணி, அதில் ஓப்பனர். நாங்கள் ஒருவரும் சோடா குடிப்பதில்லை. பெரிய ஆட்கள் எப்போதாவது எங்கள் படலையைத் தாண்டி வந்தால், எங்கள் பாத்திரத்தில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள் என்பதால், கடையிலிருந்து சோடா வாங்கி மூடியோடு கொடுக்கவேண்டும். நான் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன். உயர்தரப் பரீட்சையில் தேறிய அன்று அதிபர் வாழ்த்துச் சொல்ல வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், என்னைக் கட்டிப்பிடித்தார். ஐயா ஆணியிலிருந்து ஓப்பனரை எடுத்து இரண்டு கைகளாலும் அவரிடம் கொடுத்தார். அதிபர் சோடாவைத் தானே உடைத்துக் குடித்தார். எனக்கு வந்த முதல் வாழ்த்து அப்படித்தான் வந்தது.

அந்த ஞாயிறு, அவர்கள் போய்க் கதவு சாத்திய பிறகு, வதனி சுத்தமாக இருந்த கோப்பைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"இஞ்சையுமோ?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு அவள் யாரையும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. தமிழ்க்கடையில் யாராவது வாஞ்சையோடு கதைக்க வந்தால் காய்கறி பார்ப்பதுபோல விலகிப் போவாள். எங்கள் இரண்டுபேருக்கும் மட்டும் அளந்து சமைத்தாள். அன்றைக்கு எனக்குள் ஒன்று முடிவாகிவிட்டது. அந்த மனிதர் வதனியின் கையால் சாப்பிடவேண்டும். சாப்பிட்டதை அவரே அறியவேண்டும். அது நடக்கும்வரை இந்த ஊரில் எனக்கு இருப்பு இல்லை.

4

இனி என் வேலையிடத்தைப் பற்றி.

பிராங்பேர்ட் வங்கிகளின் நகரம். அந்தக் கோபுரங்களில் ஒன்றின் உச்சியில் ஓர் உணவகம் இருக்கிறது. நாலு பக்கமும் கண்ணாடி. கீழே மைன் ஆறு ஒரு சாம்பல் பட்டிபோலக் கிடக்கும். விமானங்கள் எங்கள் கண்மட்டத்தில் இறங்கும். மழைநாட்களில் நகரமே இல்லாமல் போய், வெள்ளை மேசைவிரிப்புகள் மேகத்துக்குள் மிதக்கும். அங்கே சாப்பிட வருகிறவர்கள் முதலில் கண்ணாடியோரம் போய், தங்கள் வீடு எந்தப் பக்கம் என்று தேடுவார்கள். அவ்வளவு உயரம் ஏறி வருவது சொந்த வீட்டைச் சின்னதாகப் பார்க்கத்தான் போலும்.

நான் சமையலறைக்குள் கோப்பை கழுவப் போனவன். அகதியாக வந்த எங்களில் பாதிப்பேர் கோப்பை கழுவித்தான் மொழி படித்தோம். பிறகு அங்கேயே 'ஆவுஸ்பில்டுங்' செய்தேன். கிழமையில் சில நாள் தொழிற்பள்ளி, மற்ற நாள் அடுப்படி, முடிவில் பரீட்சை என்று மூன்று வருடத் தொழிற்பயிற்சி அது. ஊரில் பொறியியலாளராவேன் என்று நினைத்துப் படித்த பௌதிகம், சோஸ் திரண்டுவிடாமல் பார்த்துக்கொள்ளக் கொஞ்சம் உதவியது.

அங்கே வேலை தொடங்கிய புதிதில் ஒரு காட்சி என்னைத் திடுக்கிட வைத்தது. பரிசாரகன் ஒரு வைன் போத்தலை, மூடியோடு, இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு போய் மேசையில் இருந்த பெரிய மனிதரிடம் காட்டினான். அவர் மூடி உடையாமல் இருக்கிறதா என்று பார்த்துத் தலையசைத்தார். பிறகுதான், அவர் கண்முன்னே, திறந்தான். கழுவுமிடத்துக் கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இவர்களுக்குமா, இந்தப் பரிசாரகன் எந்த ஒழுங்கை என்று நினைத்தேன். அது வைனுக்குக் கொடுக்கும் மரியாதை என்று பிறகு தொழிற்பள்ளியில் படித்தேன். படித்தது மூளைக்குப் போனது, வயிற்றுக்குப் போகவில்லை.

எங்கள் சமையலறையில் ஒரு வழக்கம் உண்டு. பயிற்சியை முடித்துப் பரீட்சையில் தேறியவருக்கு ஒரு மாலை மேசை போடுவார்கள். அன்று மத்தியானம் அவர் தன்னுடைய ஓர் உணவை எல்லா விருந்தினருக்குமாகச் சமைக்கவேண்டும். பிறகு வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டு, கோட்டுப் போட்டு, முன்வாசலால் வந்து, தன் குடும்பத்தோடு கண்ணாடியோர மேசையில் இருக்கவேண்டும். தலைமைச் சமையற்காரர் தானே மேசைக்கு வந்து, இன்றைக்கு இதைச் சமைத்தவர் இவர் என்று சொல்லுவார். எனக்கு முன் தேறிய ஜேர்மன் பையனுக்கு இப்படி நடந்தபோது அவனுடைய தாய் எழுந்து நின்று அழுதாள்.

நான் தேறியபோது, யார் யார் வருகிறார்கள் என்று தலைமைச் சமையற்காரர் கேட்டார். மனைவி, பிறகு எனக்கு இந்த நாட்டில் கதவு திறந்துவிட்ட ஒரு குடும்பம் என்றேன். அவருக்கு அது பிடித்துவிட்டது. எந்த உணவு என்று கேட்டார். நண்டு சூப் என்றேன். வதனியின் வறுத்த தூளைத் தேக்கரண்டியில் நீட்டினேன். மணந்து பார்த்து, நாக்கில் வைத்து, கண்ணை மூடினார். இதை யார் செய்தது, மேசையில் கட்டாயம் சொல்லவேண்டும் என்றார்.

நான் கேட்காமலே சொன்னார். அப்போதே எனக்குள் ஒருவன் கைதட்டத் தொடங்கிவிட்டான்.

5

அண்ணை வரமாட்டார் என்று ஒரு பயம் இருந்தது. வீணான பயம். எத்தனையாம் மாடி என்றுதான் முதலில் கேட்டார். பிறகு, "தம்பி கோப்பை கழுவுற இடத்தில எங்களுக்கு மேசையோ, காலம் மாறிப்போச்சு" என்று சிரித்தார். நான் சமையல் படித்துத் தேறிவிட்டேன் என்று பலதரம் சொல்லியிருக்கிறேன். பயிற்சி என்றாலும் கடைசியில் கழுவுவதுதான் என்பது அவருடைய எண்ணம். நான் திருத்தவில்லை. அந்த எண்ணம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

கோடைகாலம். ஒன்பது மணிக்கும் வானத்தில் வெளிச்சம் இருந்தது. அண்ணை கழுத்துப்பட்டி கட்டி, கமராவும் கையுமாக வந்தார். ராணி அக்கா காஞ்சிபுரம் உடுத்தியிருந்தார். லிப்ட் ஏறும்போது காது அடைக்கிறது என்றார். வதனி என் கையைப் பிடித்திருந்தாள். என்ன நடக்கப்போகிறது என்று அவளுக்குச் சொல்லியிருந்தேன். அவள் பெரிதாகச் சந்தோஷப்படவில்லை. "அவர் அங்க சாப்பிட்டா எனக்கென்ன?" என்று மட்டும் கேட்டிருந்தாள். அதை நான் அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கண்ணாடியோரம் போனதும் அண்ணை விமான நிலையத்தைத் தேடிப் பிடித்தார். "அந்த வெளிச்சத்துக்கு வலப்பக்கம், அங்கதான் என்ர வேலை" என்று சுகிக்குக் காட்டினார். சுகி எங்கள் ஆட்கள் வந்த புதிதில் தங்கிய பழைய அகதி விடுதியைத் தேடினாள். அதை இடித்துவிட்டார்கள் என்றேன். "நல்லது" என்றாள், ஜேர்மனில்.

சூப் வந்தது. அகன்ற வெள்ளைக் கிண்ணம், நடுவில் நண்டுச் சதை, மேலே ஒரு துளி எண்ணெய். அண்ணை முதல் கரண்டியை வாயில் வைத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது கரண்டி. மூன்றாவதற்கு அவருடைய முகம் மாறியது.

"தம்பி, இது எங்கட ஊர் நண்டுக் கூழ் மாதிரியெல்லோ இருக்கு. ஒடியல் மா மட்டுந்தான் இல்லை. வெள்ளைக்காரன் எங்க பழகினவன்?"

"குடியுங்கோ அண்ணை" என்றேன்.

பாண் துண்டை முக்கி எடுத்தார். நெற்றியில் வியர்வை அரும்பியது. நான் மேசைக்குக் கீழே என் தொடையைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். ஐயா ஆணியிலிருந்து ஓப்பனரை எடுத்த கை எனக்குத் தெரிந்தது. கிண்ணத்தில் பாதிக்குமேல் போய்விட்டது.

தலைமைச் சமையற்காரர் உயரத் தொப்பியோடு வந்தார். பக்கத்து மேசைகளும் திரும்பின. இந்த மாலை எல்லோரும் அருந்தும் சூப்பைச் சமைத்தவர் இந்த இளைஞர் என்று என் தோளில் கைவைத்தார். இதன் உயிர் ஒரு தூள், அதைத் தன் வீட்டு அடுப்பில் வறுத்தவர் இந்தப் பெண்மணி என்று வதனிக்குத் தலைவணங்கினார். ஆட்கள் கைதட்டினார்கள்.

அண்ணைக்கு ஜேர்மன் என்னைவிட நன்றாக விளங்கும். இருந்தும் சுகி துள்ளிக்கொண்டு மொழிபெயர்த்தாள். "அப்பா, இது வதனி அக்காட தூளாம். இந்த அண்ணாதான் சமைச்சவராம். நீங்கள் அண்டைக்கு வயிறு சரியில்லை எண்டு சாப்பிடேல்லை, அதே தூள்."

அண்ணையின் கரண்டி கிண்ணத்தில் நின்றது. ராணி அக்கா கணவரைப் பார்த்தார். நான் இத்தனை மாதம் காத்திருந்தது அந்த ஒரு முகத்துக்குத்தான். கன்னத்தில் இரத்தம் இறங்குவதைக் கண்டேன். அப்படியே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன், ஒரு வருடமானாலும்.

பிறகு அவர் கரண்டியை எடுத்தார். மிச்ச சூப்பையும் குடித்தார். நிதானமாக, கடைசிச் சொட்டுவரைக்கும். துணியால் வாயை ஒற்றிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும் அளவில் குனிந்து சொன்னார்.

"நல்லாச் சமைச்சிருக்கிறீர். ஆனா தம்பி, வெளியில சாப்பிடுறது வேற. வீட்டில கை நனைக்கிறது வேற."

எனக்கு அந்த வெதுப்பகத்துக் கடதாசிப் பை ஞாபகம் வந்தது. ஒரே பைக்குள் இரண்டு கை. அதுவும் வெளியில்தான். என்னுடைய பெரிய பழிவாங்கல், மூன்று வருடப் படிப்பும் அந்த உயரமும் நண்டும், அவருக்கு ஒரு கடைச் சாப்பாடு. கோபுர உச்சியில் இருந்துகொண்டு நான் தேர்முட்டிக்குப் பின்னால் நின்றேன்.

அவர் சொன்னது வதனிக்கும் கேட்டிருக்கிறது. அவள் அதுவரை அந்த மேசையில் ஒரு சொல் பேசியிருக்கவில்லை.

"அப்ப வாற ஞாயிறு வீட்டை வாங்கோ, அண்ணை" என்றாள். எல்லோருக்கும் கேட்கும்படி. "சூப்பில நண்டு காணாது. நான் கறியா வைக்கிறன்."

"பாப்பம், பிள்ளை" என்றார் அண்ணை.

'பாப்பம்' என்றால் என்ன என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். சுகிக்குத் தெரியாது. தன் பிள்ளை ஜேர்மன்காரியாகிறாள் என்று மேடைதோறும் கவலைப்படுகிற மனிதர் அவர். அன்று அவள் முழு ஜேர்மன்காரியாக இருந்தாள்.

"பாப்பம் எண்டால் என்ன, அப்பா? ஓம் எண்டால் ஓம். இல்லை எண்டால் ஏன் எண்டு சொல்லோணும்."

அண்ணையால் ஏன் என்று சொல்ல முடியுமா? கைதட்டிய மேசைகள் இன்னும் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. சுகி பைக்குள்ளிருந்து பள்ளிக்கூட நாட்குறிப்பை எடுத்து, ஞாயிறு, ஒரு மணி, வதனி அக்கா வீடு என்று எழுதினாள்.

"டெர்மீன்" என்றாள். எழுதிவிட்டால் இந்த நாட்டில் போகத்தான் வேண்டும்.

ராணி அக்கா தன் கிண்ணத்தை இழுத்து, பாணால் அடிவரை துடைத்துச் சாப்பிட்டார். "தூள் இன்னும் கொஞ்சம் கறுக்க வறுக்கலாம், வதனி" என்றார். அன்றுதான் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை முதன்முதல் கேட்டேன்.

6

ஞாயிறு வந்தது. வதனி விடியவே எழும்பினாள். ஆறுபேருக்குப் போதுமான அளவு சமைத்தாள். வரமாட்டார் என்றேன், அவளுக்கு வலித்துவிடக்கூடாது என்று. "எனக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டு தேங்காய்ப் பால் பிழிந்தாள். வரமாட்டார் என்று தெரிந்தும் அவள் பாட்டுப் படித்துக்கொண்டு சமைத்தது எனக்கு விளங்கவில்லை.

மணி அடித்தபோது வாசலில் ராணி அக்காவும் சுகியும் மட்டும்.

"கார் நிப்பாட்ட இடமில்லையாம். கீழ இருக்கிறார்" என்றார் ராணி அக்கா, என் முகத்தைப் பாராமல்.

நான் யன்னலால் எட்டிப் பார்த்தேன். ஐந்தாம் மாடியிலிருந்து எல்லாம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை, வாகனத் தரிப்பிடத்தில் முக்கால்வாசி வெறுமை. நடுவில் அவருடைய நீலக் கார். கண்ணாடி இறக்கி, கையை வெளியே போட்டுக்கொண்டு இருந்தார்.

வதனி கோப்பைகளை வைத்தாள். ராணி அக்கா கைகழுவிவிட்டு வந்து சப்பணமிட்டவர்போலக் கதிரையில் நன்றாக இருந்துகொண்டு, சோற்றில் கைவைத்தார். எங்கள் வீட்டில், எங்கள் கோப்பையில், வதனி போட்ட சோற்றில் கை நனைத்தார். சுகி நண்டுக் காலைக் கடிக்கத் தெரியாமல் சுத்தியல் கேட்டாள். வதனி சிரித்துக்கொண்டு காலை உடைத்து, சதையை எடுத்து, அவளுடைய கோப்பையில் வைத்தாள். சுகி சாப்பிட்டாள். இரண்டாந்தரம் சோறு போட்டபோது ராணி அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை.

"அப்பாவுக்குப் பசிக்குமெல்லோ" என்றாள் சுகி நடுவில்.

வதனி எழுந்து போய்க் குளிர்பெட்டியைத் திறந்தாள். கோலாப் போத்தல் ஒன்றை எடுத்தாள். கண்ணாடிப் போத்தல், தகர மூடி. வெளிச்சத்தில் பிடித்து மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தாள். ஒரு சுத்தமான துணியால் துடைத்தாள். இரண்டு கைகளாலும் சுகியிடம் கொடுத்தாள்.

"கொண்டுபோய் அப்பாட்டைக் குடுங்கோ. நாங்கள் திறக்கேல்லை எண்டு சொல்லுங்கோ."

சுகிக்கு அது ஏதோ பகிடியாகப் பட்டது. ராணி அக்காவுக்கு விளங்கியது. சோறு பிசைந்த விரல்கள் நின்றன. நான் பயந்துபோனேன், எழுந்து போய்விடுவார் என்று.

"கொண்டுபோய்க் குடு, சுகி" என்றார். "அவருக்கு அதுதான் பழக்கம்."

நானும் வதனியும் யன்னலடிக்குப் போனோம். சுகி தரிப்பிடத்தைத் தாண்டி ஓடிப்போய்ப் போத்தலை நீட்டினாள். ஏதோ சொன்னாள். சொல்லச் சொன்னதைத்தான் சொல்லியிருப்பாள். அண்ணை வாங்கினார். அவள் திரும்பி ஓடிவந்துவிட்டாள், கறி ஆறிவிடும் என்று.

அவர் போத்தலைக் கையில் வைத்திருந்தார். மூடியைப் பார்த்தார். கட்டைவிரலால் ஒருதரம் நெம்பினார். கார்க் கதவின் விளிம்பில் வைத்துத் தட்டப் பார்த்தார், பெயின்ற் போய்விடும் என்று நினைத்தாரோ, விட்டுவிட்டார். முன்பெட்டியைத் திறந்து துழாவினார். ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு நிமிர்ந்து மேலே பார்த்தார், நேரே எங்கள் யன்னலை.

அப்போதுதான் வதனியின் கையில் ஓப்பனர் இருந்ததைக் கண்டேன். போத்தலை எடுத்தபோதே எடுத்திருக்கிறாள். அவள் யன்னலை முழுதாகத் திறந்தாள். அந்தக் கட்டடத்தில் ஆறு தமிழ்க் குடும்பங்கள். ஞாயிறு மத்தியானம், எல்லார் யன்னலும் திறந்திருக்கும்.

"அண்ணை," என்று கூப்பிட்டாள், மரியாதை கொஞ்சமும் குறையாமல். "ஓப்பனர் மேல இருக்கு. வந்து எடுங்கோ."

இரண்டு யன்னல்களில் தலைகள் நீண்டன. அவர் கண்ணாடியை ஏற்றினார். கார் புறப்பட்டுப் போனது.

ராணி அக்காவும் சுகியும் பின்னேரம் ட்ராமில் போனார்கள். மிஞ்சிய நண்டுக் கறியை வதனி ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். ராணி அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு போனார். இரவைக்கு அது அவருடைய குளிர்பெட்டிக்குள், அவருடைய மற்றக் கறிகளோடு இருந்திருக்கும். அடுத்த கிழமை வதனி மேல்மாடிக் குடும்பத்தைச் சாப்பிடக் கூப்பிட்டாள். யாராவது ஊரில் எவடம் என்று கேட்டால், சோறு போடுவதற்கு முன்பே, கோயில், தேர்முட்டி, ஒழுங்கை, கடைசி வளவு என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறாள். எழும்புகிறவர் எழும்பலாம். இதுவரை ஒருவரும் எழும்பவில்லை.

ஒரே இலை என்று சொன்னீர்கள், அண்ணை. இலை எங்கள் வீட்டிலும் இருக்கிறது. அந்தப் போத்தல் மூடியோடு உங்களிடம் இருக்கிறது. ஓப்பனரை வதனி வாசல் நிலையில் ஓர் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருக்கிறாள்.

வந்து எடுங்கோ.